கொலுத் தாம்பூலத்தில் வைக்க வீட்டிலேயே செய்யக்கூடிய அழகுப் பொருட்கள்: ஆலோசனை வேண்டும்

தாம்பரம்வாசி:

அனைவருக்கும் வணக்கம். எங்கள் வீட்டில் ஆண்டுதோறும் நவராத்திரிக்குக் கொலு வைக்கிறோம். ஒன்பது நாட்களிலும் சேர்த்து நாற்பது பெண்களாவது வந்து வெற்றிலை பாக்கு வாங்கிச் செல்வார்கள். இதுவரை தாம்பூலத்தோடு எவர்சில்வர் கிண்ணமோ ஞெகிழி டப்பாவோ வாங்கிக் கொடுத்து வந்தோம். அவற்றை வாங்கிச் செல்பவர்கள் பயன்படுத்துவதில்லை என்பதும், அடுத்த வீட்டுக் கொலுவில் அவையே மீண்டும் தாம்பூலமாகக் கை மாறுகின்றன என்பதும் எல்லோருக்கும் தெரிந்ததுதான். மஞ்சள், குங்குமம், சீப்பு, கண்ணாடி என்று ஒரு பெண் தன்னை அழகுபடுத்திக்கொள்ளப் பயன்படும் பொருட்களைத்தான் நம் முன்னோர் தாம்பூலத்தில் வைத்துக் கொடுத்தார்கள். அந்த எண்ணத்தை ஒட்டி, இந்த ஆண்டு நானும் என் இரண்டு மகள்களும் எங்கள் கைகளாலேயே ஏதாவது ஓர் அழகுப் பொருளைச் செய்து கொடுக்க விரும்புகிறோம்.

ஒருவருக்கு ஐம்பது ரூபாய்க்கு மேல் செலவு செய்ய இயலாது. பொருள் குறைந்தது இரண்டு மாதமாவது கெடாமல் இருக்க வேண்டும். வருபவர்களில் கல்லூரி மாணவிகளும் உண்டு, எழுபது வயதைக் கடந்தவர்களும் உண்டு, கைக்குழந்தையோடு வருபவர்களும் உண்டு என்பதால் யாருடைய தோலுக்கும் தீங்கு நேரக் கூடாது. என் தங்கை சோற்றுக்கற்றாழைக் கூழைச் சிறு புட்டிகளில் அடைத்துக் கொடுக்கலாம் என்கிறாள். பெரிய மகள் காணொளிகளைப் பார்த்துவிட்டு, சர்க்கரையும் எலுமிச்சைச் சாறும் கலந்த முகத்தேய்ப்பையோ வீட்டுச் சோப்பையோ செய்யலாம் என்கிறாள். இப்போது ஆடி மாதம் முடியப்போகிறது. புரட்டாசிக்கு இன்னும் நாள் இருக்கிறது. செய்து பழகியவர்கள் விவரமாக எழுதினால் மிகவும் நன்றியுடையவளாக இருப்பேன்.

பவானிக்கரை:

வணக்கம் சகோதரி. நீங்கள் கேட்டிருக்கும் எல்லா நிபந்தனைகளுக்கும் பொருந்தும் பொருள் நலங்கு மாவுதான் என்று உறுதியாகச் சொல்வேன். அது உலர்ந்த பொடி, ஆகவே எளிதில் கெடாது. எல்லா வயதினரும் அதை அறிவார்கள், ஆகவே எப்படிப் பயன்படுத்துவது என்று விளக்க வேண்டியதில்லை. திருமணம், வளைகாப்பு போன்ற மங்கல நிகழ்வுகளில் பூசப்படுவது என்பதால் கொலுவுக்கும் இயல்பாகப் பொருந்தும்.

ஆளுக்கு 50 கிராம் வீதம் நாற்பது பேருக்கு 2 கிலோ பொடி வேண்டும். சலிக்கும்போது ஒரு பகுதி கப்பியாகக் கழிந்துவிடும் என்பதால் சற்றுக் கூடுதலாகவே எடுத்துக்கொள்ள வேண்டும். பச்சைப்பயறு 1.25 கிலோ, கடலைப்பருப்பு 400 கிராம், கஸ்தூரி மஞ்சள், பூலாங்கிழங்கு, கோரைக்கிழங்கு ஆகியவை ஒவ்வொன்றும் 100 கிராம், உலர்ந்த ஆவாரம்பூவும் பன்னீர் ரோஜா இதழும் தலா 150 கிராம், வெட்டிவேர் 50 கிராம் என்பது எங்கள் வீட்டுக் கணக்கு. பயறும் பருப்பும் செலவின் பெரும்பகுதி என்பதால் அவற்றை மளிகைக் கடையில் மொத்தமாக வாங்குங்கள். மற்றவற்றை நாட்டு மருந்துக் கடையில் வாங்க வேண்டும். நீங்கள் தாம்பரத்தில் இருப்பதால், மின்ரயிலில் பூங்கா நிலையத்தில் இறங்கி ராசப்ப செட்டித் தெருவுக்குச் சென்றால், அடுத்தடுத்து இருக்கும் நாட்டு மருந்துக் கடைகளில் தரத்தையும் விலையையும் ஒப்பிட்டு வாங்கலாம்.

கஸ்தூரி மஞ்சள் வாங்கும்போது மிகவும் கவனம் தேவை. சமையல் மஞ்சளைப் போல ஆழ்ந்த மஞ்சள் நிறத்தில் ஏதாவது ஒரு கிழங்கையோ பொடியையோ கொடுத்து அதுதான் கஸ்தூரி மஞ்சள் என்று விற்பது பரவலாக நடக்கிறது. உண்மையான கஸ்தூரி மஞ்சளின் உட்புறம் வெளிறி இருக்கும். உடைத்து முகர்ந்தால் கற்பூரத்தை ஒத்த மணம் வரும். தோலில் சமையல் மஞ்சளைப் போலக் கறை பிடிக்காது. பொடியாக வாங்கினால் இவற்றில் எதையும் சோதிக்க இயலாது என்பதால் கிழங்காகவே வாங்குங்கள்.

அடுத்து, உலர்த்துவது. இதில்தான் பொடியின் ஆயுள் அடங்கியிருக்கிறது. புரட்டாசிக் கடைசியில் வானம் மூடத் தொடங்கிவிடும், காற்றிலும் ஈரம் ஏறிவிடும். எனவே ஆவணி வெயில் இருக்கும்போதே எல்லாவற்றையும் வாங்கி, பயறு, பருப்பு, கிழங்குகள் ஆகியவற்றை மொட்டை மாடியில் நல்ல வெயிலில் காயவைத்துவிடுங்கள். கிழங்குகளை முழுதாகக் காயவைத்தால் மேற்புறம் மட்டும் காய்ந்து உட்புறத்தில் ஈரம் தங்கிவிடும். அம்மியிலோ உரலிலோ இட்டு ஒன்றிரண்டாகத் தட்டிய பின்பே காயவைக்க வேண்டும். உடைத்தால் சத்தத்தோடு முறிய வேண்டும். வளைந்தால் இன்னும் காயவில்லை என்று பொருள். பூக்களை மட்டும் நிழலில் உலர்த்துங்கள், வெயிலில் வைத்தால் மணமும் நிறமும் போய்விடும். வெட்டிவேரைக் கத்தரியால் மிகச் சிறு துண்டுகளாக நறுக்கிவிடுவது நல்லது; நீளமாக இருந்தால் அரைவை இயந்திரத்தில் சுற்றிக்கொள்ளும்.

இரண்டு கிலோவை வீட்டு மிக்சியில் அரைப்பது சிரமம். மாவு மில்லுக்குக் கொண்டு செல்வதாக இருந்தால், மிளகாய் அரைக்கும் இயந்திரத்தில் ஒருபோதும் அரைக்க விடாதீர்கள். முகத்தில் பூசும் பொடியில் சிறிதளவு மிளகாய்த் தூள் கலந்தாலும் விளைவு மோசமாக இருக்கும். பல மில்களில் சீயக்காய்க்கென்று தனி இயந்திரம் இருக்கும். அதில் அரைக்கச் சொல்லுங்கள். அரைத்த மாவு சூடாக இருக்கும்போதே மூடிவிட்டால் உள்ளே வியர்த்துக் கட்டி பிடிக்கும். எனவே வீட்டுக்கு வந்தவுடன் வெள்ளைத் துணியிலோ தாளிலோ பரப்பி, முற்றிலும் ஆறிய பிறகு மெல்லிய துணியில் சலித்து, ஈரமற்ற சம்புடத்தில் எடுத்து வையுங்கள். இந்தச் சலிப்பைத் தவிர்க்கவே கூடாது, ஏனெனில் கரகரப்பான துகள்கள் முகத்தோலைக் கீறிவிடும். மேலே தங்கும் கப்பியை வீணாக்க வேண்டாம், அது கால்களைத் தேய்த்துக் கழுவ நன்றாக உதவும்.

மகிழம்பூ:

பவானிக்கரை அக்கா நலங்கு மாவைப் பற்றி முழுமையாக எழுதிவிட்டார். தோலில் பூசுவதையே தவிர்க்க விரும்பினால், அதைவிட எளிய ஒரு பொருளைச் சொல்கிறேன். புடவை அலமாரியில் வைக்கும் வாசனைப் பை அது.

பழைய பருத்திப் புடவையிலோ வேட்டியிலோ உள்ளங்கை அளவுக்குச் சிறு பைகள் தைத்துக்கொள்ளுங்கள். நறுக்கிய வெட்டிவேரே முதன்மைச் சரக்கு. அதோடு உலர்ந்த மகிழம்பூவும் இரண்டு மூன்று கிராம்பும் சேர்த்து வாயைச் சுருக்கிக் கட்டிவிட வேண்டும். மல்லிகையும் முல்லையும் வாடியவுடன் மணத்தை இழந்துவிடும். மகிழம்பூவோ காய்ந்த பிறகும் நெடுநாள் மணக்கும். கோயில்களிலும் பழைய தெருக்களிலும் மகிழ மரம் இருந்தால், காலையில் உதிர்ந்து கிடக்கும் பூக்களை உங்கள் மகள்கள் பொறுக்கி வந்து நிழலில் காயவைக்கலாம். கடலூர் மாவட்டத்தின் கடலோர ஊர்களில் வெட்டிவேர் பயிராகிறது, அந்தப் பக்கம் உறவினர் இருந்தால் வேராகவே நேரடியாக வாங்கிவரச் சொல்லலாம். மணம் குறைந்ததாகத் தோன்றும்போது பையின்மேல் மிக லேசாகத் தண்ணீர் தெளித்து நன்றாக உலரவிட்டால் வெட்டிவேர் மீண்டும் மணக்கத் தொடங்கும் என்று ஒரு சிறு சீட்டில் எழுதி இணையுங்கள்.

கைக்குழந்தையோடு வருபவர்களுக்கு இந்தப் பையே மிகப் பொருத்தமானது. துணிகளுக்கிடையே அந்துருண்டை போட்டு வைக்கும் வழக்கத்தை விட்டுவிட அவர்களுக்கு அது ஒரு காரணமாகவும் அமையும்.

மருந்தாளுநர்:

மகிழம்பூ அவர்கள் அந்துருண்டையைப் பற்றி எழுதியதை என் தொழில் சார்ந்து வலியுறுத்த விரும்புகிறேன். ஜி6பிடி என்னும் நொதிக் குறைபாட்டோடு பிறக்கும் குழந்தைகளுக்கு, நாப்தலீன் உருண்டையோடு கிடந்த துணியைப் போர்த்தினாலே சிவப்பணுக்கள் சிதைந்து கடுமையான மஞ்சள் காமாலை வரக்கூடும். அதே குறைபாடு உள்ள குழந்தைகளுக்கு மருதாணி பூசுவதும் ஆபத்தானது. நம் வீடுகளில் அந்தக் குறைபாடு இருப்பது பெரும்பாலும் முன்கூட்டியே தெரிவதில்லை. ஆகவே கைக்குழந்தைக்கு மருதாணி வேண்டாம் என்பதை எல்லோருமே கடைப்பிடிப்பது நல்லது.

இனி, கேள்வி கேட்டவர் குறிப்பிட்ட மூன்று பொருட்களைப் பற்றி எழுதுகிறேன்.

சோற்றுக்கற்றாழைக் கூழை அன்பளிப்பாகக் கொடுக்க வேண்டாம். தண்ணீர் கலந்திருக்கும் எந்த அழகுப் பொருளிலும் கிருமிகள் வளரும். கடையில் விற்கும் கூழில் அதைத் தடுக்கும் பாதுகாப்புப் பொருட்கள் சேர்க்கப்பட்டிருக்கும். வீட்டில் எடுக்கும் கூழோ குளிர்பதனப் பெட்டியில்கூடச் சில நாட்களுக்கு மேல் தாங்காது. வீட்டில் உங்களுக்காகப் பயன்படுத்துவதாக இருந்தால், மடலை வெட்டி நிமிர்த்தி வைத்து, அதிலிருந்து வடியும் மஞ்சள் பாலை முழுவதும் வடித்துக் கழுவிய பிறகே கூழை எடுங்கள்; அந்தப் பால்தான் பலருக்கு அரிப்பை உண்டாக்குகிறது. வீட்டில் வடித்த பன்னீரும் தயிர் கலந்த பூச்சுகளும் இதே காரணத்தால் அன்பளிப்புக்கு ஏற்றவை அல்ல.

சர்க்கரையும் எலுமிச்சையும் சேர்ந்த தேய்ப்பு இன்னும் தவறானது. தோலின் மேற்பரப்பு இயல்பாகவே சிறிது அமிலத்தன்மை கொண்டது, அதன் அளவு பிஎச் 5ஐ ஒட்டியிருக்கும். இந்த எண் குறையக் குறைய அமிலம் கூடும். எலுமிச்சைச் சாறு 2ஐ ஒட்டியது, அதாவது பல நூறு மடங்கு கூடுதல் அமிலம். அத்துடன் எலுமிச்சை வகைகளில் உள்ள சில வேதிப்பொருட்கள் தோலில் தங்கியிருக்கும்போது வெயில் பட்டால், தீக்காயம்போலச் சிவந்து கொப்புளம் எழும்பும். ஆறிய பிறகும் கருமை நெடுநாள் நிற்கும். நம் ஊர் வெயிலில் அதைப் பரிந்துரைக்கவே கூடாது. முகத்துக்குச் சமையல் சோடா பூசுவதும் இதே போன்ற கேடுதான், அது எதிர்த் திசையில் காரத்தன்மையால் தோலைக் கெடுக்கும்.

சோப்பைப் பொறுத்தவரை, அது செய்யக்கூடாத பொருள் அல்ல. ஆனால் துல்லியம் வேண்டும். 500 கிராம் தேங்காய் எண்ணெயை முழுவதும் சோப்பாக மாற்றக் கிட்டத்தட்ட 91 கிராம் காஸ்டிக் சோடா வேண்டும். தேங்காய் எண்ணெய் மட்டுமே கொண்ட சோப்பு தோலை வறட்டும் என்பதால், ஐந்தில் ஒரு பங்கு எண்ணெய் மாறாமல் நிற்கும்படி 73 கிராம் அளவில் நிறுத்திக்கொள்வார்கள். இந்த எடைகளைக் கரண்டிக் கணக்கில் அளக்க முடியாது, கிராம் காட்டும் தராசு கட்டாயம். சோடாவைத் தண்ணீரில்தான் சிறிது சிறிதாகப் போட வேண்டும். சோடாவின்மேல் தண்ணீரை ஊற்றினால் கொதித்துத் தெறிக்கும். அலுமினியப் பாத்திரத்தை அருகில்கூட வைக்காதீர்கள், அது காரத்தோடு வினைபுரிந்து எரியக்கூடிய வாயுவை வெளியிடும். வார்த்த சோப்பு நான்கு முதல் ஆறு வாரம் காற்றோட்டமான இடத்தில் முதிர வேண்டும். கண்ணைக் காக்கும் கண்ணாடி, கையுறை, கைப்பழக்கம் எல்லாம் இருப்பவர்களுக்கு இது நல்ல கலைதான். முதன்முறையாகச் செய்வதை நாற்பது பேருக்குக் கொடுப்பதும், சிறுவர்கள் நடமாடும் வீட்டில் காஸ்டிக் சோடாவை வைத்திருப்பதும் எனக்கு உடன்பாடானவை அல்ல.

சோப்புக்கு மாற்றாக உதட்டு மெழுகு செய்யுங்கள். அதில் தண்ணீரே கிடையாது, மகள்களுக்கும் செய்ய மகிழ்ச்சியாக இருக்கும். குளிர் நாடுகளின் செய்முறைகளில் ஒரு பங்கு தேன்மெழுகுக்கு மூன்று நான்கு பங்கு எண்ணெய் சொல்வார்கள். தேங்காய் எண்ணெய் ஏறத்தாழ 24 டிகிரியிலேயே உருகிவிடுவதால், சென்னையில் அந்தக் கலவை கைப்பையிலேயே கூழாகிவிடும். தேன்மெழுகு உருக 62 டிகிரிக்கு மேல் வெப்பம் வேண்டும். ஆகவே நமக்கு ஒரு பங்கு மெழுகுக்கு இரண்டு பங்கு எண்ணெய் என்பதே சரியான எடைக் கணக்கு. ஆளுக்கு 5 கிராம் வீதம் நாற்பது பேருக்கு 65 கிராம் மெழுகும் 135 கிராம் எண்ணெயும் போதும். கொதிக்கும் தண்ணீர் உள்ள பாத்திரத்துக்குள் மற்றொரு சிறு பாத்திரத்தை வைத்து இரண்டையும் உருக்கி, சிறு தகரச் சிமிழ்களில் ஊற்றி, முழுவதும் உறைந்த பிறகே மூட வேண்டும். ஒரு சொட்டுத் தண்ணீர்கூட உள்ளே சேரக் கூடாது. தேன்மெழுகு நாட்டு மருந்துக் கடையிலேயே கிடைக்கும்.

நெல்லைச்சீமை:

பவானிக்கரை அவர்களின் பட்டியலில் எனக்கு ஒரு மாற்றுக் கருத்து உண்டு. வீட்டார் மட்டும் பயன்படுத்தும் நலங்கு மாவில் எட்டுப் பொருள் என்ன, பதினாறு பொருள்கூடச் சேர்க்கலாம், ஏனெனில் யாருக்கு எது ஒத்துவராது என்று அந்த வீட்டாருக்குத் தெரியும். தோலின் இயல்பு தெரியாத நாற்பது பேருக்குக் கொடுக்கும்போது பொருட்களின் எண்ணிக்கை குறைவாக இருப்பதே நல்லது. யாருக்காவது அரிப்பு எடுத்தால் எதனால் எடுத்தது என்று கண்டுபிடிக்கவும் முடியும். பச்சைப்பயறு, கஸ்தூரி மஞ்சள், ஆவாரம்பூ, வெட்டிவேர் ஆகிய நான்கோடு நிறுத்திக்கொள்ளுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். செலவும் குறையும்.

மற்றொன்றையும் சொல்ல வேண்டும். கடைகளில் விற்கும் நலங்கு மாவுப் பொட்டலங்களில் ‘நிறம் கூட்டும்’, ‘முகம் வெளுக்கும்’, ‘முகத்து முடியை நீக்கும்’ என்றெல்லாம் அச்சிட்டிருப்பார்கள். தயவுசெய்து உங்கள் சீட்டில் அப்படி எதையும் எழுதாதீர்கள். பயறு மாவு எண்ணெய்ப் பிசுக்கை நீக்கித் தோலை மென்மையாக வைத்திருக்கும். அதற்கு மேல் பிறவி நிறத்தை மாற்றும் ஆற்றல் எந்த மாவுக்கும் இல்லை. நம் வீட்டுக்கு மங்கலமாக வந்த பெண்ணின் கையில், அவளுடைய நிறம் போதாது என்று சொல்லும் ஒரு பொட்டலத்தைக் கொடுப்பது எனக்கு மிகுந்த வருத்தம் தரும் செயல். கல்லூரி மாணவிகளும் வருவதாக எழுதியிருக்கிறீர்கள். அந்த வயதில் இத்தகைய சொற்கள் மிக ஆழமாகத் தைக்கும்.

பொட்டலத்துக்கு ஞெகிழி வேண்டாம். ஒருமுறை பயன்படுத்தித் தூக்கியெறியும் ஞெகிழிப் பொருட்களுக்குத் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி முதலே தடை இருக்கிறது. மாவை வெண்ணெய்த்தாளில் மடித்து, அதைச் சிறு பனையோலைக் கொட்டானில் வைத்தால் பார்க்கவும் அழகாக இருக்கும். எங்கள் பக்கத்தில் தூத்துக்குடி மாவட்டத்து மணப்பாட்டிலும், உங்களுக்குச் சற்று அருகில் செட்டிநாட்டு ஊர்களிலும் பெண்கள் ஓலை முடைகிறார்கள். நாற்பது கொட்டான் வாங்கப் பணம் போதாது என்றால், மஞ்சள் துணியில் சிறு சுருக்குப்பை தைப்பதே போதும்.

தாம்பரம்வாசி:

இவ்வளவு அக்கறையோடு எழுதிய எல்லோருக்கும் என் மனமார்ந்த நன்றி. மருந்தாளுநர் ஐயா எழுதியதைப் படித்த பிறகு, கற்றாழையையும் எலுமிச்சைத் தேய்ப்பையும் விட்டுவிட்டோம். சோப்பைப் பிறகு வீட்டுக்காக மட்டும் கற்றுக்கொள்ளலாம் என்று பெரிய மகளும் ஒப்புக்கொண்டாள்.

எனக்கு இரண்டு ஐயங்கள் உள்ளன. தாம்பூலத்தில் எப்படியும் குங்குமம் வைக்க வேண்டும். அதையும் மஞ்சளிலிருந்து வீட்டிலேயே செய்ய முடியுமா? மேலும், கொலுவுக்கு வரும் சிறுமிகளுக்கு நலங்கு மாவு உவப்பாக இருக்காது என்று நினைக்கிறேன். அவர்களுக்கு என்ன கொடுக்கலாம்?

பவானிக்கரை:

முதலில், நெல்லைச்சீமை அவர்கள் சொன்னதை ஏற்கிறேன். வெளியாருக்குக் கொடுக்கும்போது நான்கு பொருட்களே நல்லது. அப்படிச் செய்தால் பயறை 1.75 கிலோவாக உயர்த்திக்கொண்டு, கஸ்தூரி மஞ்சளையும் வெட்டிவேரையும் 100 கிராமாகவும் ஆவாரம்பூவை 300 கிராமாகவும் வைத்துக்கொள்ளுங்கள்.

குங்குமத்தை வீட்டில் செய்ய முடியும். ஈரோட்டைச் சுற்றியுள்ள எங்கள் பகுதியில் செய்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். நன்கு விளைந்த குண்டு மஞ்சளை உடைத்து, வெங்காரமும் (போராக்ஸ்) படிகாரமும் கரைத்த எலுமிச்சைச் சாற்றில் ஊறவைப்பார்கள். மஞ்சளில் உள்ள நிறப்பொருள் புளிப்பின் துணையோடு வெங்காரத்துடன் சேரும்போதுதான் அந்த ஆழ்ந்த சிவப்பு பிறக்கிறது. சாறு முழுவதும் மஞ்சளுக்குள் இறங்கிய பிறகு நிழலில் உலர்த்தி, இடித்து, பலமுறை சலித்து, கடைசியில் சிறிது நல்லெண்ணெய் விட்டுப் பிசிறி வைப்பார்கள். வெயிலில் காயவைத்தால் நிறம் மங்கிவிடும். ஆரத்தித் தட்டில் மஞ்சள் நீரில் சுண்ணாம்பைக் கரைத்தவுடன் சிவப்பதைப் பார்த்திருப்பீர்கள். சுண்ணாம்பின் காரத்தால் வரும் அந்தச் சிவப்பு, புளிப்புப் பட்டவுடன் மீண்டும் மஞ்சளாகிவிடும் என்பதால் குங்குமத்துக்கு அது உதவாது.

வெங்காரத்தைச் சிறுவர்கள் வாயில் வைத்துவிடக் கூடாது என்பதும், இந்த வேலைக்குப் பொறுமையும் பழக்கமும் வேண்டும் என்பதும் உண்மை. இந்த ஆண்டு ஒரு கைப்பிடி மஞ்சளில் மட்டும் செய்து பாருங்கள், நிறம் நன்றாக வந்தால் அடுத்த கொலுவுக்குச் செய்யலாம். இப்போதைக்கு, மஞ்சளில் செய்தது என்று நம்பத்தக்க குங்குமத்தையே வாங்கிக் கொடுங்கள்.

மருந்தாளுநர்:

பவானிக்கரை அம்மா கடைசியாகச் சொன்னது முக்கியமானது. மலிவான குங்குமங்களில் செயற்கைச் சாயங்களைக் கலக்கிறார்கள். நாள்தோறும் ஒரே இடத்தில் வைக்கும்போது, நெற்றியில் அரிப்பும் பின்னர் கருந்திட்டும் உண்டாவதைத் தோல் மருத்துவர்கள் தொடர்ந்து பார்க்கிறார்கள். ஒட்டும் பொட்டும் முழுப் பாதுகாப்பானது அல்ல. சிலவற்றின் பசையில் உள்ள வேதிப்பொருள் நெற்றியில் வெண்திட்டை உண்டாக்கும். ஆகவே தாம்பூலத்தில் ஒட்டும் பொட்டு அட்டைகளை வைக்கும் வழக்கம் இருந்தால் மறுபரிசீலனை செய்யுங்கள்.

மகிழம்பூ:

சிறுமிகளுக்கு எடுத்துச் செல்லும் பொருள் எதுவும் வேண்டாம், ஒரு மாலை முழுவதும் மருதாணி வையுங்கள். எங்கள் வீட்டில் கொலு நாட்களில் ஒரு சனிக்கிழமையை அதற்கென்றே ஒதுக்குவோம். பாட்டுப் பாடச் சொன்னால் ஒளிந்துகொள்ளும் குழந்தைகள்கூட மருதாணி என்றவுடன் வரிசையில் வந்து கையை நீட்டுவார்கள்.

கூம்பு வடிவில் கடையில் விற்பதை வாங்க வேண்டாம். மருதாணி மரத்திலிருந்து இலையைப் பறித்து, கொட்டைப்பாக்கு ஒரு துண்டு, நாலைந்து கிராம்பு, சிறு நெல்லிக்காய் அளவு புளி ஆகியவற்றோடு அம்மியில் மைபோல அரைத்தால் போதும். நுண்ணிய கோலங்கள் வரைய முடியாதுதான். உள்ளங்கையில் ஒரு வட்டமும் அதைச் சுற்றிப் புள்ளிகளும் விரல்நுனித் தொப்பிகளும் வைப்பதே நம் பழைய அழகு, எனக்கு இன்றும் அதுதான் பிடித்திருக்கிறது. கழுவியவுடன் செம்மஞ்சளாக இருக்கும். ஒன்றிரண்டு நாட்களில் தானாகவே கருஞ்சிவப்பாக ஆழ்ந்துவிடும். முதலில் வெளிறித் தெரிவதைக் கண்டு யாரும் ஏமாற வேண்டியதில்லை என்று குழந்தைகளிடம் முன்பே சொல்லிவிடுங்கள்.

மருந்தாளுநர்:

மருதாணி இயற்கையில் கறுப்பாகப் பிடிக்காது. சில நிமிடங்களில் கன்னங்கரேலென்று பிடிக்கும் கூம்புகளில் தலைச்சாயத்துக்குப் பயன்படும் பிபிடி என்னும் வேதிப்பொருள் கலந்திருக்கும். அதனால் சிறுவர்களின் கைகளில் கொப்புளம் எழும்பித் தழும்பு நிலைத்துவிடுவதும் உண்டு. அதற்கு ஒருமுறை ஒவ்வாமை வந்துவிட்டால், பிற்காலத்தில் தலைச்சாயம் பூசும்போதும் கடுமையாகத் தாக்கும். மகிழம்பூ அவர்கள் சொன்னதுபோல இலையை அரைத்து வைப்பதே சரி, கைக்குழந்தைகளுக்கு மட்டும் அதுவும் வேண்டாம்.

தாம்பரம்வாசி:

மிகவும் நன்றி. இப்படி முடிவு செய்திருக்கிறோம். பெரியவர்களுக்கு நான்கு பொருள் நலங்கு மாவு, கல்லூரி மாணவிகளுக்கு உதட்டு மெழுகு, கைக்குழந்தையோடு வருபவர்களுக்கு வெட்டிவேர்ப் பை, சிறுமிகளுக்குச் சனிக்கிழமை மாலையில் மருதாணி. எங்கள் தெருக்கோடியில் உள்ள மில்லில் சீயக்காய்க்குத் தனி இயந்திரம் இருப்பதையும் கேட்டுத் தெரிந்துகொண்டேன். மாவுப் பொட்டலத்தோடு வைக்கும் சீட்டில் என்ன எழுத வேண்டும் என்று மட்டும் சொல்லுங்கள். உறவினர் சிலர், இதையே விற்கவும் செய்யலாமே என்கிறார்கள். அதைப் பற்றியும் தெரிந்தவர்கள் எழுதலாம்.

மருந்தாளுநர்:

அன்பளிப்பாகக் கொடுப்பதற்கும் விற்பதற்கும் வேறுபாடு உண்டு. 2020ஆம் ஆண்டின் அழகுசாதனப் பொருட்கள் விதிகளின்படி, விற்பனைக்காக அழகுப் பொருள் தயாரிக்க உரிமம் பெற வேண்டும். விற்கும் எண்ணம் இருந்தால் முதலில் மாநில மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை அலுவலகத்தில் நடைமுறையைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

சீட்டில் நான்கு பொருட்களின் பெயர்களையும் விடாமல் எழுதுங்கள், பயறு வகைகள் ஒத்துக்கொள்ளாதவர்கள் அதைப் பார்த்தே விலகிக்கொள்வார்கள். அரைத்த நாளையும் ‘மூன்று மாதங்களுக்குள் பயன்படுத்தவும்’ என்பதையும் குறிப்பிடுங்கள். அதன் கீழ் இப்படி எழுதலாம்: ‘ஒரு தேக்கரண்டி மாவைத் தண்ணீரிலோ பாலிலோ அப்போதைக்கப்போது குழைத்துப் பூசி, காய்வதற்கு முன் கழுவவும். குழைத்ததை எடுத்து வைக்க வேண்டாம். முதலில் முழங்கையின் உட்புறத்தில் சிறிது பூசி, ஒரு நாள் பொறுத்து, அரிப்போ சிவப்போ இல்லையெனில் முகத்துக்குப் பயன்படுத்தவும். ஈரக் கையால் எடுக்க வேண்டாம். கைக்குழந்தைகளுக்குப் பயன்படுத்த வேண்டாம்.’

நெல்லைச்சீமை:

அந்தச் சீட்டைக் கணினியில் அச்சிடாமல் உங்கள் மகள்களையே கையால் எழுதச் சொல்லுங்கள். நாற்பது சீட்டுகள்தாம், இருவரும் பகிர்ந்துகொண்டால் ஒரு ஞாயிற்றுக்கிழமையில் முடிந்துவிடும். மை கரையாத பேனாவைக் கொடுங்கள். குளியலறையில் ஈரம் பட்டால் சாதாரண மை அழிந்து, பொருட்களின் பெயரே படிக்க முடியாமல் போய்விடும்.